எங்கள் மாநிலத்துக்குக் கடல் இருந்தபோது

நான் ஐந்தாம் வகுப்புப் படித்தபோது எங்கள் மாநிலத்துக்குக் கடல் இருந்தது. இப்போது இல்லை. நாங்கள் எங்கேயும் போய்விடவில்லை. அதே ஹைதராபாத், அதே மௌலா அலி. மாநிலம்தான் இரண்டாகி, கடல் அந்தப் பக்கத்துக்காரர்களுக்குப் போய்விட்டது. அது எங்களுடையதாக இருந்த காலத்தில் நான் ஒரே ஒருமுறைதான் அதைப் போய்ப் பார்த்தேன். ஒரு தசரா விடுமுறையில், அம்மாவோடும் அத்தையோடும். எங்கள் சொந்தக்காரர்கள் அந்தப் பயணத்தைப் பற்றி வேறு மாதிரி ஒரு கதை வைத்திருக்கிறார்கள். அவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். கூடப் போனவள் நான்.

அப்பாவுக்கு மத்திய அரசுத் தொழிற்சாலை ஒன்றில் வேலை. காலனியில் இரண்டு அறை வீடு. சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். தசரா லீவு விட்டால் ஊருக்குப் போவோம். ஊர் என்றால் பெரியப்பா வீடு என்று அர்த்தம். தாத்தா போனபிறகு அப்பாவையும் அத்தையையும் வளர்த்து ஆளாக்கியவர் பெரியப்பா. அதனால் அவர் சொல்வதற்கு அப்பாவிடம் ஒரே பதில்தான் உண்டு. "சரி அண்ணாச்சி."

அந்த வருடம் மழை தொடங்கிய சமயத்தில் அத்தை ஒரு பையோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். முன்கூட்டிச் சொல்லவில்லை, ஸ்டேஷனிலிருந்து தானே ஆட்டோ பிடித்து வந்துவிட்டாள். "லீவுக்கு வந்திருக்கா" என்று அப்பா என்னிடம் சொன்னார். எனக்குப் பள்ளிக்கூடம் நடந்துகொண்டிருந்தது. பெரியவர்களுக்குத் தனி லீவு உண்டு போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அந்த லீவு முடியவே இல்லை. அதில் எனக்குச் சந்தோஷம். என் கட்டிலில் பாதி அத்தைக்கு. என் ஹைதராபாத் தமிழைக் கேட்டு அவள் சிரிப்பாள். சோறு போதும் என்பதற்கு நான் "நக்கோ" என்று சொன்னால் அம்மா முறைப்பாள். அத்தையோ அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டாள். "வேண்டாம்னு சொன்னா எல்லாரும் இன்னொரு தடவ கேப்பாங்க. நக்கோன்னா கதவச் சாத்துன மாதிரி இருக்குட்டி" என்றாள்.

மாமா ஏன் வரவில்லை என்று ஒருமுறை கேட்டேன். அத்தை தலைவாரிக்கொண்டே, "அவருக்கு லீவு கிடையாது" என்றாள்.

எனக்கு மாமாவை ரொம்பப் பிடிக்கும். எங்கள் குடும்பத்தில் அவரைப் பிடிக்காதவர்கள் யாரும் இல்லை. ஊருக்குப் போனால் என் காதுக்குள்ளிருந்து சாக்லேட் எடுத்துக் கொடுப்பார். அப்பாவைத் தவிர மற்ற ஆண்களெல்லாம் கத்திப் பேசுகிற எங்கள் வீட்டில் அவர் சத்தமே போடமாட்டார். சிரித்த முகம். பந்தியில் தானே வாளியைத் தூக்கிக்கொண்டு பரிமாறுவார். அவரைத் தேடிப்பிடித்தவர் பெரியப்பா என்பதால், "மாப்பிள்ளை தங்கம்" என்று யாராவது சொன்னால் பெரியப்பா தன்னையே பாராட்டியதுபோல் தலையசைப்பார்.

காலனி மைதானத்தில் பெண்கள் பூ அடுக்கிப் பதுகம்மா ஆடத் தொடங்கியிருந்த நாட்களில் ஒரு மாலை பெரியப்பாவின் போன் வந்தது. விஜயதசமி நல்ல நாள். மாப்பிள்ளையை அழைத்துக்கொண்டு தானே வருகிறார். தங்கச்சியைப் புறப்படத் தயாராக வைத்திருக்க வேண்டும். அப்பா "சரி அண்ணாச்சி" என்று சொல்லிப் போனை வைத்தார். அடுப்படியில் அம்மா கேஸை அணைக்கும் சத்தம் கேட்டது.

"உங்க தங்கச்சிகிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"அண்ணாச்சி சொல்லிட்டாவல்லா."

"அண்ணாச்சியா போய் அங்க குடும்பம் நடத்தப் போறாவ?"

அப்பா என்னைப் பார்த்தார். நான் பாடப்புத்தகத்தைப் பார்த்தேன். அத்தை கொல்லைப்பக்கம் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். காய்ந்த துணியை மறுபடி மறுபடி உதறிக்கொண்டிருந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தெலுங்குப் பேப்பரோடு ஓர் இணைப்பு வந்தது. தசரா விடுமுறைக்கு எங்கெங்கே போகலாம், எந்த ஊரில் என்ன திருவிழா என்று படம் படமாகப் போட்டிருந்தார்கள். எங்கள் வீட்டில் தெலுங்கு படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அம்மா என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தாள். "படி. எல்லாத்தையும் படி."

நான் படித்துத் தமிழில் சொன்னேன். கடற்கரை. மலை. குகை. அருவி. கலங்கரை விளக்கம். "ஆஹ்லாதகரமைன வாதாவரணம்" என்று ஓர் இடத்தில் இருந்தது. "அப்படின்னா?" என்று அத்தை கேட்டாள். யோசித்து, "ஜாலியான கிளைமேட்" என்றேன். அத்தையும் அம்மாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நாத்தனாரும் மதினியும் அப்படிப் பார்த்துக்கொள்வதை எங்கள் குடும்பத்தில் நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

மறுநாள் அம்மா யாரையும் துணைக்கு அழைக்காமல் போய் டிக்கெட் எடுத்து வந்தாள். அப்பாவிடம் சொன்னாள்: "பிள்ளைக்குக் கடல் காட்டக் கூட்டிட்டுப் போறேன். உங்க தங்கச்சியும் வாரா. எந்த ஊருன்னு உங்ககிட்ட சொல்லமாட்டேன். உங்களுக்குப் பொய் சொல்ல வராது. அண்ணாச்சி கேட்டா தெரியாதுன்னு சொல்லுங்க; உண்மையாத் தெரியாம இருந்தாத்தான் உங்களுக்கு அது வாயில வரும்."

கிளம்புகிற நேரத்தில் அப்பா தண்ணீர் பாட்டில்களை நிரப்பினார். ஸ்டேஷனுக்கு வரக்கூடாது என்று அம்மா சொல்லியிருந்ததால் தெருமுனை வரைக்கும் பெட்டியைத் தூக்கி வந்தார். எங்கே போகிறோம் என்று தெரியாத அந்த மனிதர், ஆட்டோ கிளம்புமுன் தன் ஸ்வெட்டரை அத்தையின் பையில் திணித்தார்.

மறுநாள் காலை விசாகப்பட்டினத்தில் இறங்கினோம். முதல் தடை லாட்ஜில் இருந்தது. மேஜைக்குப் பின்னால் இருந்தவர் அம்மாவையும் அத்தையையும் என்னையும் பார்த்துவிட்டு எங்களுக்குப் பின்னால் வாசலையும் பார்த்தார்.

"ஜென்ட்ஸ் எவரூ லேரா அம்மா?" ஆண்கள் யாரும் இல்லையா என்று கேட்கிறார் என்று நான் மொழிபெயர்க்கத் தொடங்குமுன்பே அம்மா தன் காய்கறிச் சந்தைத் தெலுங்கில் சொன்னாள்: "லேரு. ரூம் உந்தா, லேதா?"

ரூம் இருந்தது.

கடலை நான் அதற்கு முன்பும் பார்த்திருக்கிறேன். திருச்செந்தூர்க் கடல். ஆனால் அது காரியத்துக்காகப் போகிற கடல். மொட்டை போட, காது குத்த, முங்கி எழுந்து ஈரத்துணியோடு வரிசையில் நிற்க. இந்தக் கடலில் எங்களுக்கு ஒரு காரியமும் இல்லை. காலையில் போய் உட்கார்ந்தோம். பசித்தால் எழுந்தோம். எண்ணெயும் வெங்காயமும் போட்டு எலுமிச்சை பிழிந்த பொரி மிக்சரைக் காகிதச் சுருளில் வாங்கித் தின்றோம். அத்தை பாவாடை நனைய நின்று அலையை எதிர்கொண்டாள். பெரிய அலை வந்தால் எல்லோரும் பின்வாங்குவார்கள். அவள் நகரமாட்டாள். ஒருமுறை விழுந்து, வாயில் மணலோடு எழுந்து, அதே இடத்தில் மறுபடி நின்றாள். ரோப்காரில் மலையேறி மேலிருந்து ஊரைப் பார்த்தோம். "இவ்வளவு பெரிசா இருக்கு" என்றாள் அம்மா. ஊரைச் சொன்னாளா கடலைச் சொன்னாளா தெரியவில்லை.

விஜயதசமி அன்று நாங்கள் பீமிலி போனோம். கடலை ஒட்டியே போகிற சாலை. பஸ்ஸின் இடப்பக்கம் மலை, வலப்பக்கம் தண்ணீர். அங்கே ஆறு ஒன்று கடலில் கலக்கிறது. பழைய டச்சுக்காரர்களின் கல்லறைகள் இருந்தன. அவற்றின் மேல் ஆடுகள் ஏறி நின்றன. கலங்கரை விளக்கத்தின் நிழலில் கட்டுச்சோற்றைப் பிரித்தபோது அம்மாவின் போன் அடித்தது. அப்பா. அம்மா ஒலிபெருக்கியில் போட்டாள்.

"வந்துட்டாவ. ரெண்டு பேரும் ஹால்லதான் இருக்காவ. எங்க இருக்கீங்கன்னு கேக்காவ."

"ஊர் சுத்திட்டு இருக்கோம்னு சொல்லுங்க."

"எப்ப வருவீங்கன்னு..."

"அவங்க எப்ப போவாங்க?"

அப்பா அந்தப் பக்கம் யாரிடமோ கேட்டார். திரும்பி வந்து, "நீங்க வந்த பிறகுதான் போவாவளாம்" என்றார்.

"அப்ப நாங்க அவங்க போன பிறகு வாரோம். சாப்பாட்டுக்கு ஃப்ரிட்ஜுல மாவு இருக்கு. ஊத்திக் குடுங்க."

போனை வைத்துவிட்டு அம்மா எலுமிச்சைச் சோற்றைப் பிசைந்தாள். அத்தை சாப்பிடாமல் கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மதினி, என்னால உங்களுக்கு..." என்று ஆரம்பித்தாள். "சோத்தத் தின்னு" என்றாள் அம்மா.

எனக்கு ஒரே ஒரு வருத்தம்தான். மாமா எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறார். நான் அங்கே இல்லை. அவரையும் கூப்பிட்டிருந்தால் இந்த டூர் இன்னும் நன்றாக இருந்திருக்கும் என்று சொன்னேன். அம்மா என் கையில் இன்னொரு உருண்டைச் சோற்றை வைத்தாள்.

ஹாலில் உட்கார்ந்திருந்தவர்கள் கிளம்பவில்லை. அதனால் நாங்களும் திரும்பவில்லை. பேப்பர் இணைப்பில் அடுத்த பக்கத்தில் இருந்தது அரக்கு. மலை மேல் ஏறுகிற ரயிலில் போனோம். மழைக்காலம் அப்போதுதான் முடிந்திருந்தது. ஒவ்வொரு பாறையிலும் தண்ணீர் வழிந்தது. சுரங்கம் வரும்போதெல்லாம் பெட்டி முழுக்க இருட்டாகி, பிள்ளைகள் ஊளையிட்டு, மறுபடி வெளிச்சம் வரும்போது இன்னும் கொஞ்சம் உயரத்தில் இருப்போம். குகைக்குள் போனோம், தண்ணீர் சொட்டிச் சொட்டியே உண்டான தூண்களை அம்மா தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். மேலே குளிர். அத்தை அப்பாவின் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டாள். கை நீளமாகத் தொங்கியது.

தசராவுக்காக அரக்கில் ஒரு மைதானத்தில் சின்ன மேடை கட்டி ஊர்த் திருவிழா நடத்திக்கொண்டிருந்தார்கள். மாலையில் மலைக்கிராமத்துப் பெண்கள் திம்சா ஆட வந்தார்கள். வரிசையாக நின்று, ஒருத்தியின் இடுப்புக்குப் பின்னால் மற்றவள் கையைக் கோத்து, ஒரே உடம்பு போலக் காலெடுத்து வைத்து வட்டம் சுற்றுகிற ஆட்டம். மேளம் வேகமாகும்போது வரிசை பாம்பாக வளையும். நடுவில், வேடிக்கை பார்க்கிறவர்களையும் வரச்சொல்லிக் கை நீட்டினார்கள். எல்லோரும் சிரித்துப் பின்வாங்கினார்கள். அத்தை போய்விட்டாள். போனவள் திரும்பி வந்து அம்மாவையும் இழுத்துக்கொண்டு போனாள்.

அம்மாவின் கைப்பை என் மடியில் இருந்தது. அதற்குள் போன் அடித்தது. எடுத்தேன். பெரியப்பா.

"உங்க அம்மையக் கூப்பிடு."

"அம்மா டான்ஸ் ஆடறாங்க பெரியப்பா."

"என்னது?"

"டான்ஸ். அத்தையும்."

போன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன். ஆகவில்லை. "போன உங்க அத்தைகிட்டக் குடு" என்றார் கடைசியில். நான் வட்டத்துக்கு ஓடி, அத்தையின் கூடவே பக்கவாட்டில் நடந்துகொண்டு போனை நீட்டினேன். அவள் இரண்டு கைகளும் இரண்டு பெண்களின் முதுகுக்குப் பின்னால் இருந்தன. மூச்சிரைக்கச் சிரித்து, "நக்கோன்னு சொல்லு" என்றாள்.

"பெரியப்பா, அத்தை நக்கோ சொல்றாங்க."

"அப்படின்னா?"

"வேண்டாம்னு."

மறுநாள் காலை பனி மூட்டத்தில் எதிர்வீடு தெரியவில்லை. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து காப்பி குடித்தபோது அம்மா அடுத்து எங்கே போகலாம் என்று என்னைப் படிக்கச் சொன்னாள். நான் பக்கத்தைத் திருப்பினேன். அத்தை காகிதத்தின் மேல் கையை வைத்து மூடினாள்.

"போதும் மதினி. அவங்கள வரச் சொல்லுங்க."

"எங்க?"

"விசாகப்பட்டினத்துக்கு. நாம எங்க இருக்கோம்னு சொல்லுங்க. ஓடுததுக்கு நான் என்ன களவாண்டா வந்தேன்?"

"வீட்டுக்குப் போய்ப் பேசிக்கிடலாமே, இவ அப்பாவும் இருப்பாரு..."

"வீட்டுக்குள்ள வச்சுப் பேசித்தான் இத்தன வருசமா யாருக்கும் கேக்கல. கதவச் சாத்திட்டு அவரு சிரிச்சுக்கிட்டே பேசுவாரு, நான் அழுவேன். பாக்கிறவங்க அவரத்தான் பாவம்பாங்க. இந்தத் தடவ நாலு பேரு இருக்கிற எடத்துல நின்னு பேசுதேன்."

அம்மா காப்பி டம்ளரைச் சுற்றிக்கொண்டே இருந்தாள். பிறகு அப்பாவுக்குப் போன் போட்டாள். "கடற்கரையில கரையேத்தி ஒரு நீர்மூழ்கிக் கப்பல் நிக்கும். யாரக் கேட்டாலும் சொல்லுவாங்க. நாளைக்குச் சாயங்காலம் அதுக்கு முன்னால நிப்போம். நீங்களும் வாங்க."

அந்தக் கப்பலை அருங்காட்சியகமாக ஆக்கி வைத்திருக்கிறார்கள். விடுமுறைச் சாயங்காலம் என்பதால் அதன் முன்னால் நிற்க இடமில்லை. ஆயிரம் குடும்பங்கள் அதோடு சேர்ந்து படமெடுத்துக்கொள்ளத் துடித்தன. பலூன், சுட்ட சோளம், குதிரைச் சவாரி. அத்தை அன்று அம்மாவின் பச்சைச் சேலையைக் கட்டியிருந்தாள். காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

அவர்கள் மூன்று பேரும் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார்கள். முன்னால் பெரியப்பா, வேட்டியை மடித்துப் பிடித்தபடி. கடைசியில் அப்பா. நடுவில் மாமா. என்னைப் பார்த்ததும் மாமா கையை விரித்தார். நான் ஓடினேன். அவர் குனிந்து என் காதுக்குள்ளிருந்து ஒரு சாக்லேட் எடுத்தார். பிறகு என் இடது கையைப் பிடித்துக்கொண்டு அத்தையின் முன்னால் போய் நின்றார்.

"என்ன இளைச்சிட்ட? வா, போலாம். டிக்கெட் எடுத்தாச்சு."

"நான் வரல."

"சரி, கோவம் இருக்கும். வீட்டுல போய்ப் பேசிக்கிடலாம். எல்லாரும் பாக்காங்க பாரு."

"பாக்கட்டும். அதுக்குத்தான் இங்க வரச்சொன்னேன்."

மாமா சிரித்தார். என் கையைப் பிடித்திருந்த அவர் கை கொஞ்சம் இறுகியது. கூட்டத்தில் நான் தொலைந்துவிடுவேன் என்று பயப்படுகிறார் என்று நினைத்தேன்.

பெரியப்பா குறுக்கே வந்தார். "ஏட்டி, மாப்பிள்ளை உன்னை என்ன சொன்னாவ இப்ப? இவ்வளவு தூரம் ரயிலேறி வந்திருக்காவ. மூஞ்சிய ஒரு வார்த்தைக்குக் கூடச் சுளிக்கல. இப்படிப்பட்ட மனுசன்..."

"அண்ணாச்சி, நான் இவர்கூட வாழமாட்டேன். இன்னைக்கில்ல, என்னைக்குமே."

"சின்னப்பிள்ளைக்கு முன்னால என்ன பேச்சு இது" என்றார் மாமா, மெதுவாக, சிரித்தபடியே. கை இன்னும் இறுகியது. இப்போது வலித்தது. நான் அண்ணாந்து அவர் முகத்தைப் பார்த்தேன். முகம் அதே முகம்தான். சாக்லேட் எடுத்த முகம். அவருக்குத் தெரியாமல் நடக்கிறது, நான் கத்தினால் அவருக்குச் சங்கடமாகும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். அத்தை ஒவ்வொரு முறை மாட்டேன் என்று சொன்னபோதும் என் எலும்பு வரைக்கும் அது கேட்டது.

அத்தை அவர் முகத்தைப் பார்ப்பதை நிறுத்தினாள். என் கையைப் பார்த்தாள்.

"பிள்ளை கைய விடுங்க."

"ஏன், என் மருமகள நான் பிடிக்கக்கூடாதா?"

"விடுங்க."

"நீ கிளம்பு. விட்டுருதேன்."

"கைய விடுடா!"

அந்தச் சத்தம் அத்தையிடமிருந்துதான் வந்தது என்று நம்ப எனக்குக் கொஞ்ச நேரமானது. படமெடுத்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பினார்கள். சோளம் சுடுகிற பெண் விசிறியை நிறுத்தினாள். "ஏமைந்தம்மா?" என்னாச்சு என்று யாரோ கேட்டார்கள். தடித்த கண்ணாடி போட்ட ஓர் அம்மாள், மகள்களோடு வந்தவள், நேரே எங்களுக்கு நடுவே வந்து நின்று தெலுங்கில் அத்தையிடம் ஏதோ கேட்டாள். அத்தை என்னைப் பார்த்து, "என்ன கேக்காங்க?" என்றாள்.

"போலீஸுக்குப் போன் பண்ணவான்னு கேக்கறாங்க" என்றேன். எதுவும் திருடு போகாதபோது போலீஸ் எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை.

"ஆமான்னு சொல்லு."

"ஹவ்" என்றேன் அந்த அம்மாளிடம். அவசரத்தில் தெலுங்கு வரவில்லை, ஹைதராபாத் உருதுதான் வந்தது. ஆனால் போலீஸ் என்ற சொல் மாமாவுக்கு மொழிபெயர்ப்பு இல்லாமலே புரிந்தது. கையை விட்டார். இரண்டு உள்ளங்கைகளையும் கூட்டத்துக்குக் காட்டிச் சிரித்தார். "ஃபேமிலி மேட்டர்" என்றார்.

பெரியப்பாவுக்கு முகம் கறுத்துப்போயிருந்தது. "புருசன டா போட்டுட்டா" என்றார், யாரிடம் என்று இல்லாமல். "நடுக்கடற்கரையில டா போட்டுட்டா."

அம்மா கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பெரியப்பாவிடம் நேரடியாகப் பேசியதில்லை. சொல்ல வேண்டியதை அப்பாவிடம் சொல்லுவாள்; அப்பா கொண்டுபோய்ச் சேர்ப்பார். அன்று அவள் என் கையைத் தூக்கிப் பெரியப்பாவின் கண்ணுக்கு முன்னால் நீட்டினாள். நான்கு விரலும் கட்டைவிரலும் சிவப்பாகப் பதிந்திருந்தன. "அவ என்ன சொன்னாங்கிறத விடுங்க. இத நல்லாப் பாருங்க. சின்னப்பிள்ளை கையி. சிரிச்சுக்கிட்டே பண்ணினாரு, நாம எல்லாரும் பாத்துக்கிட்டு நிக்கும்போது. கதவச் சாத்தின வீட்டுக்குள்ள என்ன பண்ணுவாருன்னு அவ வந்து சொன்னப்ப, குடும்பம்னா அப்படித்தான்னு சொன்னது யாரு?"

பெரியப்பா பார்க்கவில்லை. கடலைப் பார்த்தார். பார்த்தவர் அப்பா. என் முன்னால் மணலில் மண்டியிட்டு உட்கார்ந்து, கையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எழுந்தபோது அவர் குரல் எப்போதும்போல மெதுவாகத்தான் இருந்தது.

"அண்ணாச்சி, உங்க ரெண்டு பேருக்கும் இன்னைக்கு ஊருக்கு வண்டி ஏத்தி விடுதேன்."

"அவ?"

"உங்க ரெண்டு பேருக்கும்தான் சொன்னேன்."

எங்கள் சொந்தக்காரர்களிடம் இருக்கிற கதையில் அந்த 'டா' மட்டும் இருக்கிறது. கல்யாண வீடுகளில் இன்றைக்கும் அதைச் சொல்லி வாய் பொத்துகிறார்கள். என் கையைப் பற்றி ஒருவரும் சொல்வதில்லை. பெரியப்பா பல வருடம் அப்பாவோடு பேசவில்லை. பிறகு உடம்புக்கு முடியாமல் ஆனபோது பேசினார், அதைப் பற்றி மட்டும் பேசாமல். அத்தை எங்கள் வீட்டிலேயே இருந்து, கணக்கு வேலை கற்று, மாதாப்பூரில் ஓர் அலுவலகத்தில் சேர்ந்தாள். கோர்ட்டுக்கு அம்மாவும் அவளும் பஸ் மாறி மாறிப் போய் வருவார்கள், ஏதோ டூர் போகிறவர்கள்போலக் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு. இப்போது லோத்குண்டாவில் தனியாக இருக்கிறாள். ஒவ்வொரு தசராவுக்கும் எங்கேயாவது கிளம்பிவிடுகிறாள். மாமா வேறு கல்யாணம் செய்துகொண்டார் என்று கேள்வி. அந்தப் பெண் எப்படி இருக்கிறாள் என்று அத்தை ஊர்க்காரர்களிடம் கேட்பாள். நன்றாக இருக்கிறாள், மாப்பிள்ளை தங்கம் என்றுதான் சொல்கிறார்களாம்.

ஆனால் அதெல்லாம் பிற்பாடு. மறுநாள் பகல் ரயிலில் நாங்கள் நான்கு பேரும் ஹைதராபாத் திரும்பிக்கொண்டிருந்தோம். அப்பா வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். அம்மா அவருக்கு முதுகைக் காட்டி, ஆனால் அவர் தோளில்தான், சாய்ந்திருந்தாள். வெளியே வயல்கள் பச்சையாக ஓடின. எனக்கு ஒரே மனவருத்தம். இவ்வளவு நல்ல டூரைக் கடைசி நாளில் அத்தை கத்திக் கெடுத்துவிட்டாள். ராஜமுந்திரியில் கோதாவரிப் பாலம் வந்தபோது அவள் என்னை ஜன்னலோரம் விட்டுவிட்டு, என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். சிவப்பு நீலமாக மாறியிருந்தது.

"வலிக்குதா?"

"இல்ல அத்தை."

"நேத்து?"

"கொஞ்சம்."

"அப்புறம் ஏன் கத்தல?"

யோசித்தேன். "மாமா சிரிச்சிட்டுதானே இருந்தாரு" என்றேன்.

பாலம் முடிந்து, ஆறு முடிந்து, மறுபடி வயல் வந்துவிட்டது.

"ஆமாட்டி" என்றாள். "நானும் அதனாலதான் கத்தல."

நான் அதை அந்தப் பகல் முழுக்க யோசித்தேன். நேற்று அவ்வளவு பெரிய கூட்டத்துக்கு முன்னால் அத்தை கத்தினாளே. அதோடு மாமா என் கையைத்தானே பிடித்திருந்தார். அவள் கையை அவர் எப்போது பிடித்தார்?